கண்டிப்பும் இருந்தது, பாசமும் இருந்தது. பிள்ளை மட்டும் ஏன் இப்படி?

2024 மே 12, காலை. ஈரோட்டிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பையனுக்கு ஒன்பது. இருவரையும் ஒரே மாதிரித்தான் வளர்த்தோம். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்ததில்லை. கை நீட்டி அடித்ததும் இல்லை. பெண், இருக்கிற பேனா தீர்ந்தால்தான் அடுத்த பேனா கேட்பாள். பையனோ ஓட்டலில் தோசை கேட்டு, அது வருவதற்குள் பூரி வேண்டும் என்று மாற்றி, பூரி வந்ததும் தட்டைத் தள்ளிவிடுகிறான். மறுத்துப் பேசினால் கடைத்தெரு என்றும் பாராமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்கிறார் மாமியார். மாமியார் கொடுத்த செல்லம் என்கிறார் என் அம்மா. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்கிறார் கணவர். நாங்கள் எங்கே தவறினோம்?

மே 12, இரவு

சகோதரி, நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருபத்தாறு ஆண்டுகளாக நோட்டுப் புத்தகமும் பேனாவும் விளையாட்டுச் சாமான்களும் விற்கிறவன். நீங்கள் எழுதிய காட்சியைப் பள்ளி நாட்களில் மாலை நாலரை மணிக்கு மேல் நாள் தவறாமல் பார்க்கிறேன். ஆகவே முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: தரையில் உட்காரும் பிள்ளையால்தான் எனக்குப் பாதி வியாபாரம். எங்கள் கடையில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும் தட்டில் ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்காது. பம்பரமும் ஸ்டிக்கரும் ஸ்லைமும் சாவி கொடுத்தால் ஓடும் காரும் இருக்கும். ஜியாமெட்ரி பாக்ஸின் இடம் பெற்றோரின் கண் உயரத்தில். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கார்களை மேலே வைத்திருந்த ஆண்டில் அவை தூசி படிந்து கிடந்தன, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் சுருக்கமானது. நீங்கள் எங்கும் தவறவில்லை. அது பிறவிக் குணம். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் தொடங்கி 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். பால் குடிப்பதிலும் தூங்குவதிலும் புதிய ஆளைப் பார்த்தால் அழுவதிலும் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடுகிறது என்பதும், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை தொடக்கம் முதலே கடினமான குழந்தையாக இருக்கும் என்பதும் அவர்கள் கண்டது. உங்கள் பையன் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கலாம். நானும் அப்படி ஒருவனைப் பெற்றவன் என்பதால் சொல்கிறேன், மனத்தைப் போட்டு உழற்றிக்கொள்ளாதீர்கள்.

மே 14

முந்தாநாள் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஆறுதல் சொல்லும் அவசரத்தில் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்பிவிட்டேன்.

கடினமான குழந்தை வேறு, செல்லம் கொடுத்துக் கெட்ட குழந்தை வேறு. கடையில் இரண்டையும் பார்க்கிறேன். முதல் வகைக் குழந்தை கூட்டத்தைக் கண்டாலே அழும். கேட்டது கையில் கிடைத்த பிறகும் அழுகை நிற்காது, ஏனென்றால் அது பொருளுக்காக அழவில்லை. இரண்டாம் வகைக் குழந்தை அழுவதற்கு முன்னால் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்க்கும். அழும்போதும் இடையில் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். கார் கைக்கு வந்த நொடியில் அழுகை குழாயை மூடியதுபோல் நின்றுவிடும், கன்னத்தில் ஈரம் காய்வதற்குள் அடுத்த தட்டில் கை போய்விடும். இதைக் குணம் என்று சொல்ல முடியாது. யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

புரூஸ் மெக்கின்டோஷ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1989-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கைக்குழந்தை தூக்கச் சொல்லி அழுவதோ இரண்டு வயதுக் குழந்தை கண்டதையெல்லாம் இழுத்துப் போடுவதோ செல்லத்தால் வருவதில்லை என்று அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வயதுக்கேற்ற எல்லையை வகுத்து அதை மாறாமல் காக்கப் பெற்றோர் தவறுவதால் வருவதை மட்டுமே அவர் கெட்டுப்போவது என்றார். அதில் ‘மாறாமல்’ என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. எல்லை வகுப்பது எளிது. என் வீட்டுச் சுவரில்கூட டிவி பார்க்கும் நேரத்தை எழுதி ஒட்டியிருந்தேன். அந்தத் தாளை ஒட்டிய பசை நன்றாக நின்றது, நேரம் நிற்கவில்லை.

மே 15

கீழ்த் தட்டில் இருக்கும் கார்களை எடுத்து மேலே வைத்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஜூன் மாதம் வருகிறது, மொத்தக் கடைக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும்.

மே 19

என் மகனைப் பற்றி எழுத நினைத்து நாலு நாள் தள்ளிப்போட்டேன். அவனுக்கு இப்போது பதினாறு வயது. அவனுடைய அக்காவுக்கு இருபத்து மூன்று. சென்னையில் வேலை பார்க்கிறாள். அக்காவை வளர்த்த அதே தாய் தகப்பன், அதே வீடு, அதே சட்டங்கள்.

2012-இல், தமிழகத்தில் டெங்கு கடுமையாக இருந்த ஆண்டு, அவனுக்கு நாலு வயது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்தோம். காலையும் மாலையும் இரத்தம் எடுத்துத் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் கீழே டீக்கடைக்கும் மேலே வார்டுக்கும் ஏறி இறங்கியதைத் தவிர அந்தப் பத்து நாளில் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. எட்டாம் நாள் அவன் கண் விழித்து ஆரஞ்சு நிற ஜூஸ் கேட்டான். மருத்துவர் கொடுக்கலாம் என்றதும் நான் படிக்கட்டில் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அந்த ஓட்டத்தை அடுத்த பத்து ஆண்டுகள் நிறுத்தவே இல்லை என்று இன்று தோன்றுகிறது.

வீடு திரும்பிய பிறகு அவன் கேட்டு அழுதால் எனக்கு அவன் கை நரம்பில் குத்தியிருந்த ஊசிதான் தெரியும். அவன் நன்றாகத் தேறி, தெருவில் கிரிக்கெட் ஆடி, மட்டையால் எதிர்வீட்டு விளக்கை உடைத்த பிறகும் எனக்கு அவன் நோயாளிதான். மாரிஸ் கிரீன், ஆல்பர்ட் சால்னிட் என்ற இரு மருத்துவர்கள் 1964-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்: சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய குழந்தையை, அது முழுமையாகக் குணமடைந்த பின்னும், எந்த நேரமும் கை நழுவிப் போய்விடக்கூடிய பிள்ளையாகவே பெற்றோர் நடத்துகிறார்கள், அதனால் எல்லை வகுக்க அவர்களுக்குத் துணிவு வருவதில்லை, குழந்தையும் அந்த அச்சத்தைப் படித்துக்கொள்கிறது. இதைப் படித்தபோது நான் கடையில் இருந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு நாற்பது பக்க நோட்டுக்குப் பதிலாக எண்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சகோதரி, உங்கள் பையனுக்குச் சிறு வயதில் பெரிய நோய் ஏதாவது வந்ததா? நோய்தான் என்றில்லை, குறைமாதப் பிறப்போ, அவனுக்கு முன் ஒரு குழந்தை தவறியதோகூட இருக்கலாம். வருத்தப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

மே 20

என் மனைவி நேற்று இரவு மேலே உள்ளதைப் படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டெங்கு 2012-இல் வந்தது. 2019-இல் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் எந்தக் காய்ச்சலுக்கு?”

நியாயமான கேள்வி. சைக்கிள் கதையையும் எழுதிவிடுகிறேன். அவனுக்குப் பதினொரு வயது. நல்ல சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. கியர் சைக்கிள் வேண்டும் என்றான், முடியாது என்றோம். நானும் மனைவியும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு அது. அவன் கேட்டான், கெஞ்சினான், பேசாமல் இருந்தான், கதவைச் சாத்தினான். ஆறு வாரம் நாங்கள் அசையவில்லை. அந்த ஆறு வாரமும் நான் என்னை மிகக் கண்டிப்பான தகப்பன் என்று நினைத்துப் பெருமைப்பட்டது உண்மை. நாற்பத்து இரண்டாம் நாள் அவன் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். மறுநாள் மாலை 9,500 ரூபாய் கொடுத்துச் சைக்கிளை வாங்கி வந்தேன். மனைவியிடம் சொல்லாமல் வாங்கியது இங்கே சேர்க்க வேண்டிய இன்னொரு செய்தி.

நான் அவனுக்கு அன்று கற்பித்தது என்ன? நாற்பத்து இரண்டு நாள் அழுவது வீண் இல்லை, நாற்பத்து மூன்றாம் நாள் பலன் கிடைக்கும் என்பதைத்தான். முதல் நாளே வாங்கிக் கொடுத்திருந்தால் அவன் ஊதாரி ஆகியிருப்பான். கடைசிவரை மறுத்திருந்தால் மறந்திருப்பான். இரண்டும் இல்லாமல், மனிதரிலேயே மிகக் கடினமான பிடிவாதக்காரனை என் கண்டிப்பால் உருவாக்கினேன். புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டியது இதுவே. கொத்தும்போதெல்லாம் தீனி பெற்ற புறா, தீனி நின்றால் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது தீனி பெற்ற புறாவோ, நின்ற பின்னும் ஆயிரக்கணக்கில் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரிச் சீட்டும் இதே கணக்கில்தான் ஓடியது.

அமெரிக்காவின் ஆரெகான் மாகாணத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் மோதிக்கொள்வதை நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்ளச் செய்தார். பிள்ளை கத்துகிறது, தாய் விட்டுக்கொடுக்கிறாள், கத்தல் நிற்கிறது. இதில் இருவருக்கும் கூலி கிடைக்கிறது என்பது அவர் சொன்னது. பிள்ளைக்குக் கேட்ட பொருள், தாய்க்கு அமைதி. ஆகவே பழகுவது பிள்ளை மட்டுமல்ல. அந்தச் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்திய மாலையில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்க்க முடிகிறது. அவனைவிட நான்தான் அதிகம் மகிழ்ந்தேன்.

மே 26

பாட்டிமார்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்ட சகோதரியின் வீட்டிலும் பழி இரண்டு பாட்டிகளுக்கு நடுவில்தான் பந்தாடப்படுகிறது. நானும் பல காலம் என் தாயார்மீதுதான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவர் இல்லை. அவர் சார்பில் பேச யாரும் இல்லாததால் நானே பேசுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை கும்பேசுவரர் கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் என் தாயார் சுருக்குப்பையைத் திறந்து பேரனுக்குப் பத்து ரூபாய் கொடுப்பார். வியாழக்கிழமை கேட்டால் கிடைக்காது. பதினொரு ரூபாய் கேட்டாலும் கிடைக்காது. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் பத்துதான், வகுப்பில் சண்டை போட்டுத் திட்டு வாங்கிய வாரத்திலும் பத்துதான். வெல்லம் போட்ட அவலைத் தட்டு நிறையக் கொடுப்பார், ஆனால் அது விளக்கு வைத்த பிறகுதான். அவன் அவரிடம் ஒரு நாளும் அடம் பிடித்ததில்லை. அன்று எனக்கு அது விளங்கவில்லை. தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நினைத்தால், அந்த வீட்டில் மாறாமல் இருந்த ஒரே சட்டம் அவருடையது. அது தாராளமான சட்டம், ஆனால் சட்டம். பாட்டி வீட்டில் ஒரு வழக்கமும் அம்மா வீட்டில் வேறு வழக்கமும் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் குழப்பம் தருவதில்லை. பள்ளியில் செருப்போடு உட்காருவதும் வீட்டில் கழற்றுவதும்போல் அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். குழப்பம் வருவது ஒரே ஆள் திங்கட்கிழமை ஒன்றும் புதன்கிழமை ஒன்றும் சொல்லும்போதுதான். அந்த ஆள் எங்கள் வீட்டில் நான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தாய் மறுத்த பொருளை அவள் கண்ணெதிரிலேயே, “நீ கிட, நான் வாங்கித் தரேன்டா கண்ணா” என்று பாட்டி எடுத்துக் கொடுப்பது செல்லம் கொடுப்பது ஆகாது, மேல்முறையீட்டில் தீர்ப்பை மாற்றுவது. அதைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன்.

ஜூன் 2

என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சோதனை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் 1960-களின் இறுதியில் தொடங்கிய சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும்: குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் சிறப்பாக வந்தது என்று பேசப்பட்டது. பிறகு 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கழித்தால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது 2013-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது.

அங்கே மிட்டாய்க்கு முன் ஒரு சிறு நாடகம் நடந்தது. உடைந்த கிரையான்களைக் கொடுத்து, சற்றுப் பொறு, நல்ல கிரையான்கள் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மற்றப் பாதியிடம், மன்னித்துவிடு, இல்லையாம் என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதற்குப் பிறகு மிட்டாய். வாக்கைக் காப்பாற்றியவரிடம் இருந்த குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்ட குழந்தைகள் மூன்று நிமிடம்.

என் மகனுக்குப் பொறுமை இல்லை என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ‘அடுத்த வாரம் வாங்கித் தருகிறேன்’ என்பது என் வாயில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் வாக்கியம். மறுக்கத் துணிவில்லாத இடத்தில் அடுத்த வாரத்தைக் காட்டுவேன். அடுத்த வாரம் அவன் மறந்திருப்பான் என்ற நம்பிக்கை. கேட்டது இப்போதே வேண்டும் என்று அவன் அடம் பிடித்தது பேராசை இல்லை, அனுபவம். என்னிடம் கடன் வைத்துத் திருப்பித் தராத வாடிக்கையாளருக்கு நான் மறுபடி கடன் கொடுப்பேனா?

ஜூன் 3

‘முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரியகுளத்துப் பி.கே.எம்.1 ரக முருங்கை போட்டிருக்கிறேன். விதை போட்டு இரண்டு மாதத்தில், முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் வெடித்துக் காய் நிறைய வரும். கிள்ளுவதற்கு இரண்டு விரல் போதும். நாள் பார்த்துக் கிள்ள வேண்டுமே தவிர, கோபம் வந்த நேரத்தில் போய்க் கிளையை முறிப்பதை எந்தத் தோட்டக்காரரும் செய்ய மாட்டார். நான் மகனை அடித்த மூன்று முறையும் எனக்குக் கடையில் நட்டம் வந்த நாட்கள்.

ஜூன் 9

மகள் தொலைபேசியில் அழைத்தாள். எல்லாவற்றையும் படித்துவிட்டாள். டெங்கு சரி, சைக்கிள் சரி, ஆனால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி வளர்த்தோம் என்ற முதல் வரியே தவறு என்றாள். “அப்பா, நீங்கள் எனக்கு ஒரு தடவைகூடத் தர மாட்டேன் என்று சொன்னதில்லை. இல்லைம்மா என்றுதான் சொல்வீர்கள்.”

தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவள் குழந்தையாக இருந்தபோது கடை ஒற்றை ஷட்டர், எட்டடிக்குப் பத்தடி. சென்னைப் பாரிமுனையில் கடனுக்கு எடுத்து வந்த சரக்கு. அதிலிருந்து ஒரு பொம்மையை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனால் அந்தப் பொம்மைக்கு நான் காசு கட்ட வேண்டும். அவள் கேட்டபோது இல்லை என்றேன், உண்மையாகவே இல்லை. பக்கத்துக் கடையையும் வாங்கி இரண்டு ஷட்டர் ஆக்கியது 2010-இல். மகனுக்கு விவரம் தெரிந்தபோது அவனைச் சுற்றி மூன்று பக்கமும் பொம்மை. அவனிடம் நான் இல்லை என்று சொல்ல முடியாது. ‘தர மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எனக்குப் பழக்கமே இல்லை. என் தகப்பனார் எனக்கு அதைச் சொன்னதில்லை. அவரிடமும் இருந்தது ‘இல்லை’ ஒன்றுதான்.

இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தை நான் யோசித்ததில்லை. ‘இல்லை’ என்றால் எதிரே ஆள் கிடையாது; பிள்ளையும் தகப்பனும் ஒரே பக்கம் நின்று இல்லாமையைப் பார்க்கிறார்கள். சுவரிடம் யாரும் அடம் பிடிப்பதில்லை. ‘தர மாட்டேன்’ என்றால் எதிரே ஒரு மனிதன் நிற்கிறான், மனிதனை அசைக்க முடியும். மகள் நல்லபடி வளர்ந்ததற்கு எங்கள் கண்டிப்பைக் காரணமாக நினைத்திருந்தோம். மறுத்தது எங்கள் கைப்பணம், பாராட்டை வாங்கிக்கொண்டது நாங்கள்.

கையில் பணம் வந்த பிறகும் பெற்றோர் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருப்பதைக் கவுண்டரில் பார்க்கிறேன். போன மாதம் ஒரு தாய், மூன்று அல்லது நாலு வயதுப் பெண் குழந்தையிடம், “காசு இல்லடா செல்லம்” என்றார். குழந்தை அவர் கையிலிருந்த போனைக் காட்டி, “போன்ல போடு” என்றது. என் மேசைமேல் இருக்கும் பெட்டி முந்தைய வாடிக்கையாளரின் பணம் வந்துவிட்டதை அந்த நேரம் பார்த்து உரக்க அறிவித்தது. அந்தத் தாய் பணம் இருக்கிறது, ஆனால் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் குழந்தை அழுதிருக்கும். பொய் சொன்னதால் குழந்தை வாதாடியது, வென்றது.

ராபர்ட் பிளோமின், டெனிஸ் டேனியல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கேட்கிறது. ஒரே கூரையின் கீழ் வளர்வதால் உடன்பிறந்தவர்கள் ஒரே மாதிரி ஆகிவிடுவதில்லை, ஒவ்வொருவருக்கும் கிடைப்பது தனிச் சூழல் என்பது அதன் சாரம். கட்டுரையைப் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். என் வீட்டில் அந்தச் சூழல் ஒரு ஷட்டராகவும் இரண்டு ஷட்டராகவும் இருந்தது என்று மகள் சொல்லித்தான் தெரிகிறது.

ஜூன் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பணமில்லாமல் வளர்வதே பிள்ளைகளுக்கு நல்லது என்று இரண்டு பேர் மகிழ்ச்சியோடு வழிமொழிந்திருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். மகள் இன்னொன்றும் சொன்னாள், நான் எழுதாமல் விட்டேன். ஏழாம் வகுப்பில் மைசூர் சுற்றுலாவுக்கான அறிவிப்புச் சீட்டைப் பள்ளியில் கொடுத்தபோது, அதை எங்களிடம் காட்டாமல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாளாம். அதுவும் 2010-க்குப் பிறகு, நான் அனுப்பியிருக்கக்கூடிய காலம். இப்போது அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கும் இடத்தில் வாய் திறக்க வரவில்லை என்கிறாள். கேட்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவன் எல்லாவற்றையும் கேட்கிறான், ஒருத்திக்குக் கேட்கவே வராது. இரண்டுமே ஒரே கடையில் உற்பத்தியானவை.

ஜூன் 16

ஈரோட்டுச் சகோதரி பதில் எழுதியிருக்கிறார். பையனுக்குப் பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. ஆனால் அவன் பிறந்த ஆண்டில்தான் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார்களாம். பெண்ணோ வாடகை வீட்டில், சேட்டுக் கடை வட்டி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, சிரித்ததற்கு மன்னிக்க வேண்டும்.

கணவரும் அவரும் பத்து நாளாக ஒரே சொல்லில் நிற்பதாகவும், நாலாம் நாள் முதல் பையனின் ஆட்டம் குறைவதற்குப் பதில் கூடிவிட்டதாகவும், செருப்பை எறிந்ததாகவும் எழுதியிருக்கிறார். இதை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும்: அது தோல்வியின் அடையாளம் இல்லை. இதுவரை பலித்த வழி பலிக்காமல் போகும்போது பலரும் முதலில் அதையே இன்னும் வேகமாகச் செய்வார்கள். லிப்ட் வராவிட்டால் பொத்தானை ஒரு முறையா அழுத்துகிறோம்? இந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்தால், செருப்பு எறியும் அளவுக்குப் போனால் கிடைக்கும் என்பதுதான் அவனுக்குப் பாடமாகும். நான் நாற்பத்து மூன்றாம் நாள் செய்தது அதைத்தான். முடியாது என்று தோன்றினால், தயவுசெய்து முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அது கெடுதல் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மறுக்கவும் வேண்டாம். மூன்றே மூன்று விஷயங்களில் அசையாமல் இருங்கள், மற்றதில் கேட்ட உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். என் தாயாரின் சுருக்குப்பையில் இருந்த கணக்கு இது.

ஜூன் 23

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது, எழுத நேரமில்லை. மாலை நேரத்தில் மகன் கடைக்கு வருகிறான். நான் கூப்பிடவில்லை, பெரிய மாற்றம் எதுவும் வந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம், கூலியாக ஒரு ஹெட்போன் பேசியிருக்கிறான். எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் என்று சொல்லிவிடுவேன் என்ற பயம்.

நேற்று ஒரு சிறுவன் கீழ்த் தட்டில் இருந்த காரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய தாய், “வாங்க மாட்டேன்” என்றார். ‘இல்லை’ என்று சொல்லவில்லை, அடுத்த வாரம் என்றும் சொல்லவில்லை. சிறுவன் முகத்தைப் பார்த்தான், அழுதான், ஒரு கண்ணைத் திறந்தான். தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கால்குலேட்டரை வைத்துவிட்டு மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். சிறுவன் காரைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். இருவரும் வாசற்படிவரை போய்விட்டார்கள்.

“அக்கா,” என்று மகன் கூப்பிட்டான், “அதே கார்ல சின்னது இருக்கு, இருபது ரூபாதான்.”

வாங்கிப் போனார்கள். அவர்கள் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்து அவனைத் திட்டினேன். அந்த அக்கா மூன்று நிமிடம் நின்றுவிட்டார், நாலாவது நிமிடம் யாருக்கும் முடியாது, அது தனக்குத் தெரியும் என்றான். இருபது ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.